வீட்டு வன்முறை பத்தி ஃபோன்ல பேட்டி எடுக்க சிக்னல் ஆப் எப்படி? மதுரைப் பக்கம் யூஸ் பண்ணுன ரிவ்யூ

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி படிப்பு), பி.எச்.டி பண்ற புள்ளைங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. புருஷங்கிட்ட அடி வாங்குற பொம்பளைங்கள எல்லா நேரமும் நேர்ல போய் பாக்க முடியாது, ஃபோன்லதான் பேசணும், எந்த ஆப் சேஃப்னு. ஆராய்ச்சி கைடுங்க யோசிக்காம சிக்னல்னு சொல்லிருவாங்க, வாட்ஸ்அப் மாதிரி மெசேஜ், கால் பண்ற ஆப் அது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்து அக்காங்ககிட்ட பேசுறதுக்கு நான் அத யூஸ் பண்ணிருக்கேன், அத வச்சு சொல்றேன்.

நல்லத மொதல்ல சொல்லிருவோம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, லாபம் பாக்காத ஒரு ஃபவுண்டேஷன் நடத்துது. நாம அனுப்புறத நடுவுல அந்தக் கம்பெனியே கூட படிக்க முடியாது. மெசேஜ் இத்தன நாள்ல தானா அழிஞ்சிரணும்னு டைம் வைக்கலாம், 2024ல இருந்து யூசர்நேம் வசதியும் வந்துருச்சு, நம்பர குடுக்காமலே பேசலாம். டீமுக்குள்ள ஆடியோ அனுப்ப, எழுதுன பேட்டிய அனுப்ப இத விட்டா வேற எதுவும் எனக்குப் புடிக்கல. இதுக்கு மட்டும்னா கண்ண மூடிட்டு 5 ஸ்டார்.

ஆனா பேட்டி குடுக்குற அக்கா பக்கம் போய் நின்னு பாருங்க. எங்கயோ இருக்குற கம்பெனிக்காரன் ஒட்டுக் கேக்குறான்னு அவங்களுக்குப் பயம் இல்ல, திண்ணையில உக்காந்து பீடி குடிக்கிற மனுசன் காதுல விழுந்துருமேன்னுதான பயம். பாதி வீட்டுல ஃபோனே அவரு ஃபோன்தான், இல்லைன்னா மகன் கேம் ஆடுற ஃபோன். அதுல புதுசா ஒரு நீலக்கலர் ஐகான் வந்து உக்காந்தா "இது என்னடி புதுசா"ன்னு கேள்வி வரும், அதுக்கு முன்னாடி ஓடிபி எஸ்.எம்.எஸ் வேற வந்து நிக்கும், அது போக அவங்க நம்பர சேவ் பண்ணி வச்சிருக்க சொந்தக்காரன் எவனாவது சிக்னல்ல இருந்தா இவங்க சேந்துட்டாங்கன்னு அவனுக்கு நோட்டிபிகேஷன் போக வாய்ப்பிருக்கு. நம்பர வச்சு யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு செட்டிங்ஸ்ல மாத்தலாம்தான், அத ஃபோன்லயே சொல்லிக் குடுத்துப் பாருங்க தெரியும்.

வாட்ஸ்அப்னா எல்லாரு ஃபோன்லயும் ஏற்கனவே கெடக்கு, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. 2016ல இருந்து அதுலயும், நடுவுல யாரும் படிக்க முடியாத சிக்னலோட அதே பூட்டுதான் ஓடுது. ஆனா வீட்டுக்காரரு அவரு லேப்டாப்புல லிங்க் பண்ணி வச்சிருந்தா எந்தப் பூட்டும் வேலைக்காகாது. அதனால கிராமத்துப் பக்கம் நான் இப்ப சாதா கால்தான். அவங்க மிஸ்டு கால் குடுப்பாங்க, நான் திருப்பிக் கூப்பிடுவேன், கால் லிஸ்ட்ட பாத்து யாருன்னு கேட்டா மகளிர் குழு மேடம்னு சொல்லிக்கிறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்குவோம்.

ரெக்கார்டிங்தான் பெரிய ரோதனை. சிக்னல்ல அந்த வசதியே இல்ல. சாதா காலுக்கு முன்னாடி ஏகப்பட்ட ஆப் இருந்துச்சு, 2022 மே மாசத்துல கூகுள் பிளே ஸ்டோர்ல அதுக்கெல்லாம் கதவ சாத்திட்டாங்க. கூகுளோட சொந்த டயலர்ல (கால் பண்ற ஆப்) ரெக்கார்ட் பட்டன அமுக்குனா ரெக்கார்ட் ஆகுதுன்னு அந்தப் பக்கமும் சத்தமா சொல்லும். சம்மதம் கேட்டுத்தான் பதியுறோம், அது வேற விஷயம், ஆனா பக்கத்துல மாமியா இருந்தா என்ன ஆகும்? தனியா ஒரு வாய்ஸ் ரெக்கார்டரும் காதுல மாட்டுற மைக்கும் வாங்கிக்கங்க, அவங்க ஃபோன்ல ஒரு ஃபைலும் தங்காது. நீங்களும் கதவ சாத்திட்டு உக்காருங்க, ஸ்பீக்கர் போடவே கூடாது.

எந்த ஆப்பும் செய்யாத வேலை ஒன்னு இருக்கு, அவங்க பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு காட்டுறது. சர்க்காரோட என்.எஃப்.எச்.எஸ் (தேசிய குடும்ப நல) சர்வேயில வன்முறை கேள்விங்கள ஒரு வீட்டுல ஒரே ஒரு பொம்பளைகிட்டதான் கேப்பாங்க, தனிமை கிடைக்கலைன்னா அந்தப் பகுதியவே விட்டுருவாங்க. நேர்ல போறவங்களுக்கே அப்படின்னா ஃபோன்ல நாம எவ்வளவு உஷாரா இருக்கணும். நான் எடுத்ததும் "இப்ப பேசலாமாக்கா, ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க"ன்னுதான் ஆரம்பிப்பேன். நடுவுல யாராச்சும் வந்தா அவங்க "தவணை அடுத்த வாரம் கட்டுறேன் மேடம்"னு சொல்வாங்க, உடனே நானும் குழுக் கடன் பத்தி பேச ஆரம்பிச்சுருவேன். ஆடு மேய்க்கப் போன எடத்துல, கண்மாய்க் கரையில உக்காந்து பேசுனவங்கதான் நிம்மதியா பேசுனாங்க. டாஸ்மாக் 12 மணிக்குத் தொறக்குறது எங்க டைம் டேபிளுக்கு ஒரு வசதி, இதுக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

உதவி நம்பர மெசேஜா அனுப்பாதீங்க. பெண்கள் உதவி எண் 181ங்குறது மூணே நம்பர், வாயால சொன்னாலே மனசுல நிக்கும். பேட்டிக்கு நன்றியா ரீசார்ஜ் போடுறதயும் கேட்டுட்டுப் போடுங்க, அந்த எஸ்.எம்.எஸ்ஸ அவரு பாத்தா எவன் போட்டான்னு அடுத்த சண்டை ஆரம்பிச்சுரும்.

ஆக டீமுக்கு 5, கிராமத்து அக்காங்களுக்கு 2. தனி ஃபோனும் அதுக்குத் தனி லாக்கும் வச்சிருக்க, டவுனுக்கு வேலைக்குப் போற பொண்ணுங்கன்னா 4 குடுக்கலாம், அதுவும் அவங்களே அதுதான் வேணும்னு சொன்னா. அப்படி இன்ஸ்டால் பண்ண வச்சா முடிஞ்சதும் ஆப்ப மட்டும் தூக்கச் சொல்லாதீங்க, மொதல்ல செட்டிங்ஸ்ல போய் அக்கவுண்ட்ட டெலீட் பண்ணச் சொல்லுங்க, இல்லைன்னா அவங்க நம்பர் சிக்னல்ல இருக்குறதாவே மத்தவங்களுக்குத் தெரியும்.