ஷெர்லாக் ஹோம்ஸ்: நாவலில் தொடங்கலாமா, சிறுகதையிலா?

ஆர்தர் கோனன் டாயில், துப்பறிவாளர் ஹோம்ஸை வைத்து எழுதியவை 4 நாவல்கள், 56 சிறுகதைகள். எதை முதலில் எடுப்பது?

நேரம்: சிறுகதையை ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.
நாவலுக்குச் சில மாலைகள் வேண்டும்.

கட்டுக்கோப்பு: சிறுகதைக்கே என் ஓட்டு. ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையில் ஒலிக்காத மணிக்கயிறு, பக்கத்து அறைக்குத் திறக்கும் காற்றுத்துளை, தரையோடு அறைந்த கட்டில் என எல்லாவற்றையும் நம் கண்முன் வைத்துவிட்டுத்தான் டாயில் புதிரை அவிழ்க்கிறார்.
முதல் நாவலான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டோ (1887) பாதியில் லண்டனை விட்டு அமெரிக்காவின் யூட்டாவுக்குப் போய்விடுகிறது. ஹோம்ஸ் சில அத்தியாயங்களுக்குக் கண்ணிலேயே படுவதில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

சூழல்: இதில் நாவல்தான். 1902இல் நூலான ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ நாவலில் வரும் இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பும் மூடுபனியும் சிறுகதைக்குள் அடங்காது.

புதியவர்கள் 1892இல் வந்த முதல் சிறுகதைத் தொகுப்பான ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்’ஸை எடுங்கள். திகிலில் ஊற விரும்புபவர்கள் நேரே பாஸ்கர்வில்லுக்குப் போகலாம். ஹோம்ஸும் அவர் நண்பர் வாட்சனும் முதன்முதலில் சந்திக்கும் அத்தியாயத்துக்காக முதல் நாவலைப் பிறகு படிக்கலாம்.