தவில் பதிவுக்கு மைக் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கையடக்க ரெக்கார்டரில் செருகி நாகஸ்வரம், தவில் பதிவு செய்ய மைக் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஸ்டுடியோ கண்டென்சர், ஃபாண்டம் 48 வோல்ட், ஸ்டீரியோ, 130 டெசிபல் வரை" என்று பெட்டியில் பளபளப்பாக அச்சடித்த ஒரு மைக்கை மதுரையில் ஒரு கடை 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு என் தலையில் கட்டியது. கண்டென்சர் என்பது மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் மைக். ஃபாண்டம் என்பது ரெக்கார்டர் ஒயர் வழியாகவே அதற்கு அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம். டெசிபல் கணக்கு, எவ்வளவு சத்தம் வரை தாங்கும் என்பது. பெட்டியில் இருந்த அந்த நான்கில் ஒன்றுகூட உள்ளே இல்லை.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டில் அப்பச்சிக்குச் சாந்திக் கல்யாணம். முகப்புத் திண்ணையில் மேளக்காரர்கள், வளவு என்கிற உள்முற்றத்தில் சடங்கு. காலையில் வாசிக்கப்போகும் தோடியையும் மாங்கல்ய தாரணத்தின்போது கெட்டிமேளத்தையும் நல்லபடியாகப் பிடித்து வைக்க வேண்டும் என்பது அப்பச்சியின் ஆசை. வீடியோக்காரரின் கேமராவில் விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் தனியாக மைக் தேடினேன்.

கடைக்காரரிடம் எதையும் மறைக்கவில்லை. என் ரெக்கார்டரையே எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். மைக் செருக 3.5 மில்லிமீட்டர் குழி ஒன்றுதான் இதில் உண்டு, எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் குழி கிடையாது, தவில் சத்தத்தைத் தாங்க வேண்டும், இடம் வலம் பிரிந்து கேட்க வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவர் உள்ளே போய் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஒரு முனையில் எக்ஸ்எல்ஆரும் மறுமுனையில் 3.5 மில்லிமீட்டரும் உள்ள ஒயரைச் செருகி, "ஹலோ, ஹலோ, செக்" என்றார். ஹெட்ஃபோனில் குரல் தெளிவாகக் கேட்டது. "பாத்தீங்களாண்ணே, தனியா பவரே வேணாம். உங்க மிஷின்லயே ஓடுது" என்றார்.

அந்த வார்த்தையில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. 48 வோல்ட் ஃபாண்டம் கேட்கிற அசல் கண்டென்சர், 3.5 மில்லிமீட்டர் குழியில் ஓடவே ஓடாது. சின்ன ரெக்கார்டர்கள் அந்தக் குழியில் கொடுப்பது பிளக்-இன் பவர் என்ற சொற்ப மின்சாரம். ஜூம் எச்1என் போன்றவற்றில் அது 2.5 வோல்ட். சட்டையில் குத்துகிற காலர் மைக்குக்கு அது போதும். 48 வோல்ட் மைக் அந்த மின்சாரத்தில் பேசினால், அதன் வயிற்றுக்குள் இருப்பதும் காலர் மைக்தான். எனக்கு நல்ல சேதி போலச் சொல்லப்பட்டது உண்மையில் அந்த மைக்கின் வாக்குமூலம்.

விசேஷத்தன்று தோடி ஆலாபனை வரை பெரிய குறை தெரியவில்லை. கொஞ்சம் தகரச் சத்தம், அவ்வளவுதான். தவில் சேர்ந்ததும் கரகரப்பு ஆரம்பித்தது. ரெக்கார்டரில் லெவலைக் குறைத்தேன், சத்தம் குறைந்தது, கரகரப்பு அப்படியே நின்றது. இன்னும் குறைத்தேன். அப்போதும் அதே கரகரப்பு, மெலிதாக. கெட்டிமேளம் வந்தபோது நாகஸ்வரம் எது, தவில் எது என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் ஒரே இரைச்சல்.

மறுநாள் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். தவிலின் ஒவ்வொரு அடிக்கும் அலை ஏறி, உச்சியில் கத்தியால் சீவியது போலத் தட்டையாக நின்றது. லெவல் கூடிப்போய் ரெக்கார்டர் வெட்டியிருந்தால் அந்தத் தட்டை, பதிவின் உச்ச வரம்பான 0 டெசிபல் கோட்டில் இருக்க வேண்டும். இங்கே அது பாதி உயரத்திலேயே இருந்தது. அப்படியென்றால் வெட்டு ரெக்கார்டருக்கு வருவதற்கு முன்பே, மைக்குக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதை எந்தக் குமிழைத் திருகியும் சரிசெய்ய முடியாது. இப்போது எல்லாரும் பேசுகிற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்திருந்தாலும் இதே கதைதான். அது ரெக்கார்டரின் லெவல் தப்புகளை மன்னிக்கும், மைக் திணறியதை மன்னிக்காது.

அப்புறம் அந்த ஸ்டீரியோ. இடது, வலது இரண்டையும் தனித்தனி மோனோ டிராக்காகப் பிரித்து, ஒன்றின் அலையை மட்டும் தலைகீழாக்கி (இன்வெர்ட் செய்து), இரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஸ்டீரியோ என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாவது மிஞ்சிக் கேட்கும். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் ஒரே மோனோவை ஒயரில் இரண்டாகக் கிளைத்து அனுப்பியிருக்கிறார்கள். சந்தேகமுள்ளவர்கள் தங்கள் பதிவை இப்படிச் சோதித்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

கடைசியில் மைக்கின் வலைத்தலையைத் திருகிக் கழற்றினேன். வெளியே பார்க்க, பெரிய டயஃப்ரம் (சத்தத்தில் அதிரும் சவ்வு) உள்ள ஸ்டுடியோ மைக்கின் தோரணை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் மேடை, அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு, காலர் மைக்கில் இருப்பது போன்ற எலக்ட்ரெட் என்ற சின்ன மைக் ஒன்று, பின்னால் மெல்லிய ஒயர் இரண்டு. மற்றதெல்லாம் காற்று. இத்தகைய சின்ன எலக்ட்ரெட் குறைந்த வோல்ட்டில் ஓடும்போது பெரும்பாலும் 110 டெசிபலை ஒட்டியே திணற ஆரம்பித்துவிடும். தவிலுக்கு முன்னால் அது என்ன செய்யும்?

இன்னொரு வயிற்றெரிச்சல். இந்த மாதிரி ரெக்கார்டர்களில் 3.5 மில்லிமீட்டர் குழியில் எதையாவது செருகினால் அதன் சொந்த மைக் ஓய்ந்துவிடும். எச்1என்னின் சொந்த மைக்குகள் 90 டிகிரியில் குறுக்காக அமைந்த எக்ஸ்-ஒய் ஜோடி, 120 டெசிபல் வரை தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. எதுவுமே வாங்காமல் ரெக்கார்டரை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தால்கூட இதைவிடப் பத்து மடங்கு நல்ல பதிவு கிடைத்திருக்கும். 6,500 ரூபாய் கொடுத்து நல்ல மைக்கின் வாயை அடைத்தேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்தது தனிக் கூத்து. "டெஸ்ட் பண்ணித்தானேண்ணே எடுத்துட்டுப் போனீங்க" என்று ஆரம்பித்தார். அலைவடிவத்தை லேப்டாப்பில் காட்டினேன், பார்க்கவே மறுத்துவிட்டார். "மேளத்துக்கெல்லாம் வைக்கக்கூடாதுண்ணே, இது பாட்டுக்கு" என்றார். வாங்கும்போது தவில் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அப்புறம் துண்டுச்சீட்டைத் திருப்பிக் காட்டினார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது." அந்தச் சீட்டே பில் கிடையாது, "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட காகிதம். வாங்கிய அன்று பில் கேட்டபோது 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்று சொல்லி வாயை அடைத்திருந்தார்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பக் கொண்டுவந்தால் வாங்க மறுப்பதும் அப்படியே. வாங்கியது மதுரையானாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், எங்களுக்குச் சிவகங்கை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்ததால் கடையின் பெயரோடு சாட்சி இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நானும் அந்த மைக் மாதிரிக் கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, வாங்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு. 3.5 மில்லிமீட்டர் குழி மட்டும் உள்ள ரெக்கார்டருக்கு எக்ஸ்எல்ஆர் மைக்கை யார் நீட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள். கண்டென்சர்தான் வேண்டும் என்றால் ஜூம் எச்4என், எச்5, டாஸ்காம் டிஆர்-40எக்ஸ் போல எக்ஸ்எல்ஆரும் 48 வோல்ட்டும் உள்ள ரெக்கார்டர் முதலில் வேண்டும். அதன்பின் மைக்கின் பெட்டியை விட்டுவிட்டு, கம்பெனியின் சொந்தத் தளத்தில் "மேக்ஸிமம் எஸ்பிஎல்" என்ற எண்ணை, அதாவது மைக் தாங்கும் உச்சச் சத்தத்தைப் பாருங்கள். ரோட் என்டி5க்கு 143 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள், மேளத்துக்கு அது தாராளம். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குக்கு ஃபாண்டமே வேண்டாம், தவிலுக்கு அசைந்து கொடுக்காது. ஆனால் வீணைக்கு அதை எட்டி வைத்தால் சிக்னல் மெலிந்து ரெக்கார்டரின் உஸ் என்ற இரைச்சல் மேலே வரும். அதன் தம்பி எஸ்எம்58க்குப் போலிகள் ஏராளம். அசல் 298 கிராம், எடை குறைந்தால் வேண்டவே வேண்டாம், எடை சரியாக இருந்துவிட்டால் அசல் என்றும் நம்பிவிடாதீர்கள்.

கடையில் "ஹலோ செக்" என்பதெல்லாம் சோதனையே இல்லை. ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ரெக்கார்டரில் லெவலை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளித் தட்டிப் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். மீட்டர் பாதிகூட ஏறாதபோதே கரகரத்தால் கோளாறு மைக்கில்தான். தட்ட விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

மைக்கை மாற்றி அதே விலைக்கு வேறு நிறத்தில் ஒன்று தருவதாகக் கடையிலிருந்து போன் வந்தது. பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். 1915 புகார் இன்னும் திறந்தே இருக்கிறது. கழற்றிய மைக், எஸ்டிமேட் காகிதம், அந்தக் கெட்டிமேளத்தின் வேவ் ஃபைல் மூன்றையும் சிவகங்கைக்கு எடுத்துப்போக ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.