பி.எல்.டி.சி. மின்விசிறி: ஒரு மதிப்புரை

கூடத்தில் பழைய மின்விசிறிக்கு மாற்றாகப் பொருத்திய இந்த பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் கொண்ட) விசிறி, முழு வேகத்தில் ஏறத்தாழ 30 வாட் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. தூண்டல் மோட்டாரில் ஓடும் வழக்கமான விசிறிக்கோ 75 வாட் வரை தேவைப்படும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால், மாதம் 27 யூனிட்டாக இருந்த செலவு 11 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பி.எல்.டி.சி. மோட்டாரின் சுழலும் பகுதியான சுழலியில் நிலைகாந்தங்கள் இருப்பதால் அதில் காந்தப்புலத்தை உண்டாக்கத் தனியே மின்சாரம் செலவாவதில்லை. வெப்பமாக வீணாவது குறைவதால் மோட்டாரும் அதிகம் சூடேறுவதில்லை. காற்றின் வீச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரை இதனுடன் பயன்படுத்தக் கூடாது என்பதையும், வேகத்தை மாற்ற ரிமோட்டையே நம்பியிருக்க வேண்டும் (அதைத் தேடுவதே தனி வேலை) என்பதையும் வாங்குமுன் அறிந்துகொள்வது நல்லது. விலை கூடுதல்தான்; ஆகவே நாள் முழுதும் விசிறி ஓடும் அறைக்கு முதலில் வாங்கலாம், எப்போதாவது திறக்கும் விருந்தினர் அறைக்கு அவசரமில்லை.