செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480: மாடலை நம்பலாம், பீஸைச் சோதிக்க வேண்டும்

சென்னை ரிச்சி தெருவிலோ அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலோ செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கேட்டால், கடைக்காரர் எடுத்துக் காட்டும் மெஷின்களில் லெனோவோவின் திங்க்பேட் டி480 பெரும்பாலும் இருக்கும். 2018இல் வந்த மாடல். கம்பெனிகள் மொத்தமாக எடுத்துச் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்தவை லாட் லாட்டாகச் சந்தைக்கு வருகின்றன. கல்லூரிப் பிள்ளைகள், டேலி போடுகிறவர்கள், புரோகிராமிங் பழகுகிறவர்கள், நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் ஆகியோருக்கு, குறைந்த விலைப் புது லேப்டாப்பைவிட இதைத்தான் சொல்வோம்.

காரணம், இதைக் கழற்றிப் பூட்ட முடியும். ரேமுக்கு இரண்டு ஸ்லாட், இரண்டுமே டிடிஆர்4. லெனோவோ கணக்கில் 32 ஜிபி வரை. 32 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டு 64 ஜிபியில் ஓட்டுகிறவர்களும் உண்டு. டிஸ்க், பேட்டரி, கீபோர்டு, வைஃபை கார்டு எல்லாமே தனித்தனியாக மாறும். இதன் ஒல்லித் தம்பி டி480எஸ்-இல் பாதி ரேம் போர்டோடு ஒட்டியே வரும், பின்பக்கப் பேட்டரியும் கிடையாது. ஒரே விலை என்றால் எஸ் இல்லாததையே எடுங்கள்.

முதலில் கையில் இருப்பது டி480தானா என்று பாருங்கள். டி470 பார்வைக்கு ஏறக்குறைய இதேதான். அடையாளம் இடப்பக்கம் இருக்கிறது: டி480இல் இரண்டு டைப்-சி போர்ட், சதுரமான பழைய சார்ஜர் பின் இருக்காது. டி470இல் அந்தச் சதுர பின்னும் ஒரே ஒரு டைப்-சியும் இருக்கும். அதில் உள்ளது 6 அல்லது 7ஆம் தலைமுறை இன்டெல் சிப். விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வ இன்டெல் பட்டியல் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. டி480 பெயரிலேயே 7ஆம் தலைமுறை சிப்போடும் சில வந்தன. அதனால் பெயரை மட்டும் பார்க்காமல் சிப் எண்ணையும் பாருங்கள்: ஐ5-8250யு அல்லது ஐ5-8350யு என்றால் நான்கு கோர். ஐ5-7300யு என்றால் இரண்டு கோர்தான், வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை. ஆன் செய்ததும் எஃப்1 அழுத்துங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. கேட்காமல் உள்ளே விட்டாலும், செட்டிங் எல்லாம் மங்கலாக மாற்ற முடியாதபடி தெரிந்தால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருக்கிறது என்று பொருள். “போர்டில் இருக்கும் சின்ன சிமாஸ் பேட்டரியைக் கழற்றிப் போட்டால் போய்விடும்” என்று கடையில் சொல்வார்கள். திங்க்பேடில் போகாது. பாஸ்வேர்டை மறந்தால் போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் பதில். செக்யூரிட்டி பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்ற வரியையும் தேடிப் பாருங்கள். ஆக்டிவேட்டட் என்று காட்டினால் பழைய கம்பெனியின் கண்காணிப்பு இன்னும் கழற்றப்படவில்லை. பயாஸின் முதல் பக்கத்தில் இருக்கும் சீரியல் எண், அடிப்பக்க ஸ்டிக்கரில் இருப்பதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் போர்டோ அடி மூடியோ வேறு மெஷினிலிருந்து வந்தது.

பலர் தவறவிடும் சோதனை இன்னொன்று உண்டு. விண்டோஸைப் புதிதாக ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, ஆரம்ப அமைப்புத் திரை வரை கடையிலேயே போகச் சொல்லுங்கள். அங்கே ஏதாவது கம்பெனி பெயர் வந்து அலுவலக மின்னஞ்சல் கேட்டால், அந்த மெஷின் ஆட்டோபைலட்டில் (கம்பெனிகள் தங்கள் மெஷின்களை நிர்வகிக்க மைக்ரோசாஃப்ட் தரும் சேவை) பதிவாகி இருக்கிறது. அந்தப் பதிவு போர்டோடு சேர்ந்தது; எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் திரும்ப வரும். கம்பெனிக்காரர்கள் நீக்கினால்தான் போகும்.

இந்த மாடலின் உண்மையான பலவீனம் டைப்-சி போர்ட்களில் இருக்கிறது, இரண்டு விதமாக. ஒன்று, இரண்டு போர்ட்டும் மதர்போர்டில் நேரடியாகப் பற்றவைத்தவை. சார்ஜர் வயரை இழுத்து, தட்டிவிட்டுப் பயன்படுத்திய மெஷினில் போர்ட் ஆட்டம் கண்டிருக்கும். சார்ஜரை இரண்டிலும் மாற்றி மாற்றிச் செருகி, லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சார்ஜ் விட்டு விட்டு ஏறினால் வேண்டாம்.

மற்றது கண்ணுக்குத் தெரியாது. 2017 முதல் 2019 வரை தயாரான பல திங்க்பேட்களில், டைப்-சி வழியே வேகமாகத் தரவும் படமும் அனுப்பும் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்), தன் சிறிய மெமரியில் ஓயாமல் எழுதி எழுதி அதை நிரப்பிவிடும் கோளாறு இருந்தது. டி480 அதில் ஒன்று. நிரம்பியதும் டைப்-சி சார்ஜ் மந்தமாகும் அல்லது நின்றுபோகும், டாக் (பல கேபிள்களை ஒரே போர்ட்டில் சேர்க்கும் பெட்டி) தெரியாது, எச்டிஎம்ஐ வழியே படம் வராது. லெனோவோ இதற்கு ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்திருக்கிறது. மெஷின் நன்றாக இருக்கும்போதே அதைப் போட்டுவிட்டால் பிரச்சினை வராது. நிரம்பிய பிறகு சாஃப்ட்வேரால் சரி செய்வது கடினம். போர்டைக் கழற்றி, அந்தச் சிப்பில் கிளிப் மாட்டி, புரோகிராமரால் திரும்ப எழுத வேண்டியிருக்கும். ரிச்சி தெருவில் இதைச் செய்யும் சிப் லெவல் கைகள் உண்டு, ஆனால் அந்தச் செலவு உங்கள் தலையில் ஏன்? எனவே கடையில் ஒரு மானிட்டரில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, படம் வருகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்த அன்றே லெனோவோ தளத்தின் டி480 பக்கத்திலிருந்து தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் அப்டேட்டை இறக்கி ஓட்டுங்கள், சார்ஜரைக் கழற்றாமல்.

பேட்டரி இரண்டு. உள்ளே 24 வாட்-அவர், பின்னால் கழற்றி மாட்டும் ஒன்று 24, 48 அல்லது 72 வாட்-அவர். 48உம் 72உம் அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும். உள்பேட்டரி உயிரோடு இருந்தால்தான், மெஷினை அணைக்காமலே பின்பேட்டரியை மாற்ற முடியும். கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையின் பேட்டரி ரிப்போர்ட்டை (powercfg /batteryreport) எடுத்தால் இரண்டின் நிலையும் தனித்தனியாக வரும். டிசைன் கெப்பாசிட்டியில் 70 சதவீதத்துக்கு மேல் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இருந்தால் நல்லது. குறைந்தால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். “புதுப் பேட்டரி போட்டுத் தருகிறோம்” என்று மலிவான டூப்ளிகேட்டை மாட்டுவதும் நடக்கும். கூடவே வரும் சார்ஜர் 20 வோல்ட் தரும் 45 அல்லது 65 வாட் ஆக இருக்க வேண்டும். சாதாரண போன் சார்ஜரில் இது ஏறாது.

திரையில் ஏமாற வேண்டாம். 1366 × 768 டிஎன் (மலிவான வகை) பேனலோடு ஏராளமான டி480கள் வந்தன. சற்றுத் தலையைச் சாய்த்தாலே நிறம் வெளுத்துப்போகும். 1920 × 1080 ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) மட்டுமே எடுங்கள். அதன் வெளிச்சமும் 250 நிட்ஸ்தான், வெயில் விழும் ஜன்னலோரம் மங்கும். வெள்ளைப் பின்னணி, கறுப்புப் பின்னணி இரண்டையும் முழுத் திரையில் வைத்து, அழுத்திய தழும்பும் புள்ளியும் தேடுங்கள்.

டிஸ்க் விஷயம் சுருக்கம்: கடைகளில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டிருப்பார்கள், அன்றாட வேலைக்குப் போதும். அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போட வேண்டுமானால் அதற்கான அடாப்டர் தட்டு தனியாக வேண்டும். கிடைப்பதும் நான்குக்குப் பதில் இரண்டு லேன்தான் (தரவு ஓடும் பாதை). வேகமான, விலை கூடிய எஸ்எஸ்டி இதற்கு வீண். ரேம் 8 ஜிபி ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் இன்னொரு 8 சேருங்கள். இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஓடும்போது உள்கிராஃபிக்ஸும் நன்றாக மேம்படும்.

கீபோர்டுதான் இதன் பெருமை. ஆழமாக இறங்கும் விசை, தமிழ்99இல் பக்கம் பக்கமாக அடித்தாலும் விரல் நோகாது. ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்த லாட்டில் என்டர் விசை எல் வடிவிலும் இடது ஷிஃப்ட் குட்டையாகவும் இருக்கும். மேலே அமெரிக்க ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். விசை அமைப்பை ஸ்டிக்கரால் மாற்ற முடியாது. நோட்பேடைத் திறந்து எல்லா விசையையும் ஒருமுறை அழுத்துங்கள்.

வீடியோ எடிட்டிங், புதிய கேம்கள் இதில் வேண்டாம். ஏவி1 என்ற புதிய முறையில் சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் வசதி இந்த கிராஃபிக்ஸில் இல்லாததால், யூடியூபில் பெரிய அளவு வீடியோ ஓடும்போது ஃபேன் இரையும். கேமரா 720பி, மீட்டிங்கில் முகம் தெரியும், அவ்வளவுதான்.

பில் கேளுங்கள், சீரியல் எண்ணோடு. டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள், எதற்கெல்லாம் பொருந்தும் என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். முக்கியமாக மதர்போர்டும் டைப்-சி போர்ட்டும் அதில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் மெஷினைச் சும்மா வைக்காமல், தினமும் நாலைந்து மணி நேரம் ஓட்டி, இரண்டு போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் சார்ஜ் போடுங்கள்.