முழுமைப் பல் மருத்துவம் என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என்னுடைய மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. அதோடு, வலியே இல்லாமல் இருந்த ஒரு கடைவாய்ப்பல்லும் போய்விட்டது. பல் பிடுங்கிய இடத்தில் தையல் பிரித்து ஐந்து நாட்கள்தான் ஆகின்றன. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் 'போனது போகட்டும்' என்று இருந்துவிடுவேன், அடுத்தவர் அதே நாற்காலியில் போய் உட்காருவார்.

பல ஆண்டுகளாக நான் பார்த்துவந்த பல் மருத்துவர் அதிகம் பேசாதவர். வாயைத் திறக்கச் சொல்வார், வேலையை முடிப்பார், அடுத்த நோயாளியை அழைப்பார். அவர் போட்ட நான்கு வெள்ளி அடைப்புகளும், வேர் சிகிச்சை செய்து உறை மாட்டிய ஒரு கீழ்க் கடைவாய்ப்பல்லும் எனக்கு ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை. என் தொல்லை வேறு: மாதக்கணக்கில் தீராத சோர்வு, அரைகுறைத் தூக்கம். அதற்குக் காரணம் தேடி இரவில் கைபேசியும் கையுமாக இருந்தபோதுதான், வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமால்கத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம் என்று படித்தேன். அது உண்மைதான். அந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டு, உடல் முழுவதையும் கருத்தில் கொண்டு இயற்கை வழியில் பல்லுக்கு வைத்தியம் செய்வதாக விளம்பரம் செய்யும் ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போனேன். பெயரை எழுதவில்லை, எந்த வகை இடம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

அங்கிருந்த மருத்துவர் என் வாயைப் பார்ப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் என்னிடம் பேசினார். தூக்கம், செரிமானம், வேலை, வீட்டுக் கவலைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் சொன்னதையெல்லாம் தன் கையால் எழுதிக்கொண்டார். இத்தனை வருடங்களில் எந்த மருத்துவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறகு ஒரு சூயிங்கத்தைக் கொடுத்துப் பத்து நிமிடம் மெல்லச் சொன்னார். பாதரச ஆவியை அளக்கும் ஒரு கருவியின் குழாயை என் நாக்குக்கு மேலே பிடித்தார். எண் மளமளவென்று ஏறியது. கருவியின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, "உங்கள் சோர்வுக்குக் காரணம் உங்கள் வாயிலேயே இருக்கிறது, இத்தனை காலம் யாரும் தேடவில்லை" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஏமாந்தது அந்த நொடியில்தான். மற்றதெல்லாம் கையெழுத்தும் கட்டணமும்தான்.

ஐரோப்பிய ஒன்றியமே 2025 ஜனவரி முதல் அமால்கத்தை நிறுத்திவிட்டது என்று ஒரு தாளையும் காட்டினார். நிறுத்தியது புதிதாக அடைப்பதைத்தான், அதிலும் மருத்துவக் காரணத்துக்கு விலக்கு உண்டு என்பதையும், உறுதியாக இருக்கும் பழைய அடைப்பைத் தோண்டி எடுக்க அது சொல்லவில்லை என்பதையும் அவர் சொல்லவில்லை; எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நான்கு அடைப்புகளையும் எடுத்துவிட்டு வெள்ளை அடைப்பு, 'செத்த பல்' உடலில் இருக்கக் கூடாது என்பதால் வேர் சிகிச்சை செய்த பல்லைப் பிடுங்குவது, அந்தக் குழியில் எலும்பைச் சுரண்டி ஓசோன் ஏற்றுவது, ஃபுளூரைடு பற்பசையை விட்டுவிட்டு அவர்களே விற்கும் மூலிகைப் பொடிக்கு மாறுவது என்று திட்டம் போட்டார்கள். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டினால் சலுகை என்றார்கள். மூன்று மாதச் சம்பளத்தை ஒரே தவணையில் கட்டினேன்.

பல்லைப் பிடுங்கியபோது அது மூன்று துண்டாக உடைந்து வந்தது. ஒரு துண்டைப் பஞ்சின் மேல் வைத்து, வேரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இளஞ்சிவப்பு நூல் போன்ற ஒன்றைக் காட்டி, "பாருங்கள், உள்ளே அழுகிய சதை, இதைத்தான் சுமந்துகொண்டிருந்தீர்கள்" என்றார் உதவியாளர். நான் நன்றி சொன்னேன்.

அடைப்பு மாற்றிய மூன்றாம் நாளே மேல்வரிசைப் பல் ஒன்று தண்ணீர் பட்டாலே துடிக்க ஆரம்பித்தது. இரண்டாம் வாரத்தில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியாக மாறியது. கூப்பிட்டேன். "நச்சு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும், நல்ல அறிகுறி" என்றார்கள். மறுபடி கூப்பிட்டபோது, பொடியை ஒழுங்காகப் பயன்படுத்துகிறேனா என்று கேட்டார்கள். அடுத்த முறை, மன அழுத்தம் குணமடைவதைத் தடுக்கிறது, மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். நேரில் போய் நின்றபோது வரவேற்பில் இருந்தவர் என் கோப்பைத் திறக்காமலேயே, "மருத்துவர் கூட்டத்தில் இருக்கிறார், அவரே கூப்பிடுவார்" என்றார். அவர் கூப்பிடவில்லை.

வேறு வழியில்லாமல் வெட்கத்தோடு பழைய மருத்துவரிடமே போனேன். அவர் திட்டவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, அடைப்பைத் தோண்டும்போது நல்ல பல்லும் நரம்பின் அருகு வரை போயிருக்கிறது, நரம்பு வீங்கி மீள முடியாத நிலைக்கு வந்துவிட்டது, வேர் சிகிச்சைதான் வழி என்றார். அந்த இளஞ்சிவப்பு நூலைப் பற்றிச் சொன்னதும், இழுப்பறையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே தீக்குச்சியைவிட மெல்லிய இளஞ்சிவப்புக் குச்சிகள் வரிசையாக இருந்தன. கட்டாபெர்ச்சா, வேர் சிகிச்சையின் முடிவில் வேருக்குள் வைத்து அடைக்கும் பொருள். அழுகிய சதை என்று எனக்குக் காட்டப்பட்டது அதுதான். அந்தப் பெட்டியைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மெல்லும்போது அமால்கத்திலிருந்து பாதரச ஆவி கொஞ்சம் கூடுதலாக வெளியேறும் என்பது உண்மை. ஆனால் மென்ற கையோடு வாய்க்குள் இருக்கும் சிறிதளவு காற்றில் அளந்ததை ஓர் அறை முழுக்க இருக்கும் காற்றுக்கான வரம்போடு ஒப்பிட்டால் எவர் வாயிலும் எண் பயமுறுத்தும் என்று அவர் விளக்கினார். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சிறுநீரக, நரம்பு நோயாளிகள் போன்றோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதைத் தவிர்க்கச் சொன்னபோதே, நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்பை மருத்துவத் தேவையின்றி எடுக்க வேண்டாம், எடுக்கும்போதுதான் ஆவி அதிகமாக வெளியேறும் என்றும் சொல்லியிருக்கிறது. 'செத்த பல்' பயமோ, வேர் சிகிச்சை செய்த பல் உடலின் மற்ற நோய்களுக்குக் காரணமாகிறது என்று வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1920களில் முன்வைத்த கருத்து. பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. இதையெல்லாம் நான் பணம் கட்டுவதற்கு முன் படித்திருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள் நான் கையெழுத்திட்ட தாளில் 'பலனுக்கு உத்தரவாதம் இல்லை' என்ற வரி இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். மூன்று மாதச் சம்பளத்துக்கு அந்த ஒரு வரிதான் பதில். போன பல்லுக்கு இம்ப்ளாண்ட் வைக்க வேண்டுமென்றால் அது தனிச் செலவு.

விரிவான ஆலோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், வலி விடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். வலிக்காத பல்லைப் பிடுங்கச் சொன்னால் இன்னொரு பல் மருத்துவரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். முழுத் தொகையை முன்கூட்டிக் கட்டாதீர்கள். மாத்திரை கொடுத்து உலோகத்தை வெளியேற்றிய பிறகு சிறுநீரில் அளந்து காட்டும் பாதரசக் கணக்கை நம்பாதீர்கள். ஃபுளூரைடு பற்பசையை விடாதீர்கள். சோர்வுக்கு முதலில் பொது மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நான் போன வாரம்தான் செய்தேன், இரத்தசோகை என்று வந்திருக்கிறது. சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயின் பிரதியை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். என்னுடையதைக் கேட்டு இன்று காலையும் கூப்பிட்டேன். மருத்துவர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள்.