ரோஜா: தரையிலா, தொட்டியிலா?

இடம் இருந்தால் பன்னீர் ரோஜாவைத் தரையில்தான் வைப்பேன். ஒன்றரை அடிக்குக் குழி எடுத்து, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்பி நட்டால் போதும். வேர் பிடித்த பிறகு ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி கோபித்துக்கொள்ளாது. ஆனால் நட்ட இடத்தில் வெயில் குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து மனையில் மாடி எழும்பியதும் எங்கள் செடி நெட்டையாக வளர்ந்து, பூப்பதையே நிறுத்திக்கொண்டது.

தொட்டி என்றால் ஆறு மணி நேர வெயில் எங்கே விழுகிறதோ அங்கே நகர்த்திக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக நம் நேரத்தைக் கேட்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தேவைப்படலாம். விரலை ஓர் அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். ஊற்றும் தண்ணீரோடு சத்தும் வடிந்துவிடும் என்பதால் 15 நாளுக்கு ஒருமுறை கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, நன்றாக நீர் சேர்த்து ஊற்றுகிறேன். (நாற்றத்துக்கு வீட்டில் திட்டு விழும், அது தனிக்கதை.) 12 அங்குலத்துக்குக் குறைந்த தொட்டி வாங்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மண்ணையும் மாற்ற வேண்டும்.

கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது), மாவுப்பூச்சி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒட்டுச்செடியாக (வேறொரு ரோஜாவின் வேர்த்தண்டில் ஒட்டி வளர்த்த செடி) இருந்தால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை உடனே கிள்ளிவிடுங்கள். வாடகை வீடா? அப்போது யோசிக்கவே வேண்டாம், தொட்டிதான். காலி செய்யும்போது கூடவே வரும்.