நேராக்குவதா, தைத்துக்கொள்வதா, பின்னுவதா, அப்படியே விடுவதா?

2022 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் ஒபாமா தம்பதியின் ஓவியங்களைத் திறந்துவைத்தார்கள். மிஷெல் ஒபாமா அந்த விழாவுக்குச் சன்னமான சடைகளோடு வந்திருந்தார். இரண்டு மாதம் கழித்து, தன் புத்தகத்துக்கான மேடை ஒன்றில் பழைய கதையைச் சொன்னார். அதிபரின் மனைவியாக இருந்த காலத்திலேயே சடை போட ஆசைதானாம். ஆனால் அமெரிக்கா அதற்குத் தயாராகவில்லை, முதலில் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறட்டும் என்று முடியை நேராகவே வைத்துக்கொண்டாராம்.

ஒரு நாட்டின் சட்டத்துக்கும் ஒரு பெண்ணின் தலைமுடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் கேட்டால் சம்பந்தத்தை வரிசையாகச் சொல்வார்கள். 1786இல், ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில், கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மூட வேண்டும் என்றே ஆணை போட்டார்கள். அந்தப் பெண்கள் அதையே பளபளக்கும் தலைப்பாகைகளாகக் கட்டி அழகாக்கிக்கொண்டது தனிக் கதை.

இன்று அவர்கள் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: ரசாயனத்தால் நேராக்குவது, வேறு முடியை வைத்துக்கொள்வது, பின்னுவது, பிறந்தபடி விடுவது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதற்கு முன் முடியைப் பற்றி நாலு வரி. இறுக்கமான சுருள் முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை வழிந்து போய்விடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தேங்கி நிற்கும். அதனால் நுனி வறண்டு, வளைவுகளில் ஒடியும். நனைந்து உலர்ந்தால் சுருங்கவும் செய்யும். இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடும் முடி, விட்டதும் காதோரம் போய் நிற்கும். 'இவர்களுக்கு முடியே வளராது' என்ற பேச்சில் பாதி இந்தச் சுருக்கத்தைப் பார்த்து வந்தது, மீதி ஒடிவதைப் பார்த்து வந்தது.

ரிலாக்சர்

ரிலாக்சர் என்பது முடியை நேராக்கும் ரசாயனக் களிம்பு. அதன் முக்கிய வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. அடைத்துக்கொண்ட குழாயில் ஊற்றுகிறோமே, அதே காஸ்டிக் சோடாதான், அளவு மட்டும் குறைவு. அது முடியின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. சுருளைச் சுருளாகப் பிடித்து வைத்திருப்பவை அந்தப் பிணைப்புகள்தான், எனவே முடி விறைப்பு விட்டு நேராகிவிடும். கொஞ்சம் அதிக நேரம் விட்டால் தலைத்தோல் வெந்துபோகும். காஸ்டிக் சோடா இல்லாதது என்று விற்கப்படும் வகையில் கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கும். எரிச்சல் சற்றுக் குறைவு, வறட்சி அதிகம். எதைப் போட்டாலும் வேரில் புதிதாக முளைப்பது சுருளாகத்தான் வரும், ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் உட்கார வேண்டும். பெண்களே இதற்கு வைத்த பட்டப்பெயர் 'கிரீமி கிராக்', அதாவது டப்பாவில் வரும் போதைமருந்து. பெட்டிமேல் சிரிக்கும் சிறுமிகளின் படத்தோடு, குழந்தைகளுக்கென்றே தனி ரிலாக்சர்களும் கடைகளில் விற்றன.

2022 அக்டோபரில் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் பின்தொடர்ந்திருந்தார்கள். முடியை நேராக்கும் பொருட்களைத் தொடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05 சதவீதம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றுதான் இந்த ஆய்வு சொல்கிறது, இதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. அபாயம் இனத்துக்கு இனம் மாறியதாகவும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பொருட்களைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். அப்படியானால் சுமை யார் தலையில் விழுகிறது என்பது தெளிவு.

உடம்பைவிட்டு வாழ்க்கைக்கு வந்தாலும் ரிலாக்சரின் கணக்கு உதைக்கிறது. வியர்வையும் ஈரமும் அதற்கு ஆகாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 16 வயது கேபி டக்ளஸ் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கம் வென்றார், அதை வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அதே நாட்களில் சமூக ஊடகங்களில் ஒரு கூட்டம், இவள் முடியை ஏன் ஒழுங்காகப் படிய வாரவில்லை என்று பேசிக்கொண்டிருந்தது. பேசியவர்களில் கறுப்பினப் பெண்களும் நிறைய. பரட்டைத் தலை என்று நாம் பிள்ளைகளைத் திட்டும்போதும் வசையை வெளியாள் வந்து சொல்லித் தருவதில்லையே, அந்த மாதிரிதான்.



டோப்பாவும் வீவும்

வீவ் என்பது நம் சவுரிக்குத் தூரத்து உறவு. நாம் சவுரியைப் பின்னலோடு சேர்த்து முடிந்துகொள்வோம். அவர்கள் சொந்த முடியைத் தலையோடு ஒட்டப் பின்னி, அந்தப் பின்னல்மேல் வாங்கிய முடியை ஊசி நூலால் தைத்துவிடுவார்கள். டோப்பா அதைவிட எளிது, காலையில் வைத்து இரவில் கழற்றலாம்.

இந்த இடத்தில் நமக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. திருப்பதியிலும் பழனியிலும் திருத்தணியிலும் இறக்கும் முடி குப்பைக்குப் போவதில்லை. ஏலம் போய், சிக்கெடுத்து, நீளவாரியாகப் பிரித்து ஏற்றுமதியாகிறது. வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று திசை மாறாமல் அடுக்கிய முடிக்கு ரெமி என்று பெயர். அதற்குத்தான் விலை. அட்லாண்டாவிலோ லண்டனிலோ அது சில நூறு டாலருக்கோ பவுண்டுக்கோ விற்கும். அழகைத் துறக்கிறேன் என்று சாமிக்குக் கொடுத்த முடி இன்னொரு பெண்ணுக்கு அழகாகப் போய்ச் சேருகிறது. இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோயில்களுக்கும் வியாபாரிகளுக்கும் பணம் வருகிறது, முடி கொடுத்தவருக்கு மொட்டையும் மன நிறைவும்.

டோப்பா வைப்பவள் தன்னை வெறுப்பவள் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ரிலாக்சரோடு ஒப்பிட்டால் இது கழற்றக்கூடிய பொய், சொந்த முடி அடியில் பத்திரமாக இருக்கும். ஒட்டும் பசையும் இறுக்கமான தையலும் நெற்றியோர முடியைத் தின்றுவிடும் என்பதுதான் உண்மையான ஆபத்து. 2014இல் வயோலா டேவிஸ் ஒரு தொலைக்காட்சித் தொடரில் கண்ணாடி முன் உட்கார்ந்து டோப்பாவைக் கழற்றி, இமைமுடியை எடுத்து, முகப்பூச்சைத் துடைக்கும் காட்சி பெரிதாகப் பேசப்பட்டது. ஒன்றைத் தெளிவாகக் காட்டியது அந்தக் காட்சி: வெளியே போவதற்கு ஒரு முடி, வீட்டுக்கு ஒரு முடி. பாடகி பியான்சேவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் அவர் முடிப் பராமரிப்புப் பொருட்கள் விற்கத் தொடங்கியதும், எப்போதும் டோப்பாவில் இருப்பவருக்கு இது எதற்கு என்று கேலி வந்தது. தன் சொந்த முடியைக் கழுவி உலர்த்தும் காணொளியை அவர் வெளியிட வேண்டியிருந்தது. அவ்வளவு புகழ் இருந்தும் முடிக்குச் சாட்சி காட்ட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

சடை

சட்டம் வந்து நிற்கும் இடம் இதுதான். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் வேலை பார்த்த ஒரு பெண், தலையோடு ஒட்டப் பின்னிய சடைகளோடு வந்ததை நிறுவனம் தடுத்தது என்று வழக்குத் தொடுத்தார். 1981இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பிறவிச் சுருளை வெட்டாமல் உருண்டையாக வளர்க்கும் ஆஃப்ரோவைத் தடுத்தால் அது இனப் பாகுபாடாகலாம், சடை செயற்கையாகப் போட்டுக்கொள்வதுதானே என்பது அதன் வாதம். அதோடு, ஒரு வெள்ளை நடிகை படத்தில் சடையோடு வந்து அதைப் பிரபலமாக்கிய பிறகுதான் இவர் சடை போட்டார் என்ற நிறுவனத்தின் கூற்றையும் தீர்ப்பில் எழுதி வைத்தார்கள். ஆப்பிரிக்காவில் காலங்காலமாக இருந்துவரும் பின்னலுக்கு ஹாலிவுட் நடிகை முன்னோடி! நட்சத்திரச் செல்வாக்கு என்று சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வரிதான்.

அந்தத் தீர்ப்பின் நிழல் நீளமானது. 2019 ஜூலையில் கலிபோர்னியாதான் முதன்முதலாக, முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரவுன் சட்டம் கொண்டுவந்து, சடை, முறுக்கு, சடாமுடி எல்லாவற்றையும் இன அடையாளமாக ஏற்றது. அதன்பின் 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துகொண்டன. நாடு முழுவதற்குமான மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை.

நடைமுறையில் சடைதான் சிக்கனம். அரை நாளோ முழு நாளோ உட்கார்ந்து போட்டால் ஆறு எட்டு வாரம் தலையை மறந்துவிடலாம். ஓடலாம், வியர்க்கலாம். ஆனால் இறுக்கிப் போட்டால் வேரோடு இழுபட்டு முன்நெற்றி வழுக்கையாகும். சேர்த்துப் பின்னும் செயற்கை இழையும் குற்றமற்றதல்ல. 2025இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு பத்து தயாரிப்புகளைச் சோதித்தபோது பத்திலும் புற்றுநோயோடு தொடர்புடைய வேதிப்பொருட்களும் ஒன்பதில் ஈயமும் இருந்தன. 'பாதுகாப்பு அலங்காரம்' என்று சடைக்குப் பெயர். அதைக் கொஞ்சம் அடக்கித்தான் சொல்ல வேண்டும்.

அப்படியே விடுவது

கேட்க எளிது, செய்யக் கடினம். கழுவும் நாள் என்று ஒரு நாளையே ஒதுக்க வேண்டும். பகுதி பகுதியாகப் பிரித்து, ஈரத்தில் கண்டிஷனர் தடவி, விரலால் சிக்கெடுத்து, எண்ணெயால் மூடி, இரவில் சாட்டின் துணி கட்டிப் படுக்க வேண்டும். பணம் குறைவு என்பார்கள். நேரத்துக்கும் விலை போட்டால் நான்கிலும் இதுதான் அதிகம் கேட்கும்.

புகழும் இங்கேதான் அதிகம் குழப்புகிறது. கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸின் ஆஃப்ரோ 1970இல் எஃப்.பி.ஐ.யின் தேடப்படுவோர் சுவரொட்டி வழியாக உலகம் முழுக்கத் தெரிந்தது. தன் அரசியல் மறந்து முடி மட்டும் நினைவில் நிற்பதைப் பற்றி 1994இல் அவரே வருத்தத்தோடு எழுதினார். பிறகு வந்த நட்சத்திரங்களின் 'இயற்கை முடி'யைக் கவனியுங்கள். விளம்பரங்களில் பெரும்பாலும் நிற்பது தளர்ந்து தொங்கும், மினுமினுக்கும் சுருள். தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ராவின் சிகையலங்காரர் ஆண்ட்ரே வாக்கர் முடியை 1 முதல் 4 வரை வகைப்படுத்தியிருந்தார். பெண்கள் பின்னர் அதில் 4சி என்று ஒரு படியைச் சேர்த்தார்கள், மிக இறுக்கமான சுருள். அந்த 4சி முடிக்கு அட்டைப்படத்தில் இடம் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் என்ன ஆகும்? 2017 நவம்பரில் நடிகை லுபிடா நியோங்கோவின் படத்தை அட்டையில் போட்ட பிரிட்டிஷ் கிராசியா இதழில், பின்னால் கட்டியிருந்த முடி கணினியில் அழிக்கப்பட்டு, மீதியும் வழுவழுப்பாக்கப்பட்டிருந்தது. அவர் வெளிப்படையாகக் கண்டித்தார், இதழும் படம் எடுத்தவரும் மன்னிப்புக் கேட்டார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 2019 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் சோசிபினி துன்சி ஒட்ட வெட்டிய சொந்த முடியோடு பிரபஞ்ச அழகிப் பட்டம் வாங்கினார். அழகிப் போட்டிகளில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இருந்தாலும் அன்று அந்தக் கிரீடம் சுருள் முடியின் மேல் நேரடியாக உட்கார்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னைக் கேட்டால், ரிலாக்சர் கடைசி இடம். மற்ற மூன்றில், தளர்வாகப் போட்ட சடைக்கே முதல் ஓட்டு, வேலைக்குப் போகும் பெண்ணின் நேரத்தை அதுதான் மதிக்கிறது. இயற்கை முடி இரண்டாவது. டோப்பா மூன்றாவது, ஆனால் இந்த மூன்றுக்கும் இடையே தூரம் குறைவு.

அந்தத் தூரம் எவ்வளவு குறைவு என்பதற்கு மாசசூசெட்ஸைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் அயானா பிரெஸ்லி ஓர் உதாரணம். அவருடைய செனகல் முறுக்குச் சடைகள் அவ்வளவு பிரபலம், சிறுமிகள் 'எங்கள் காங்கிரஸ் உறுப்பினர் சடை போடுகிறார்' என்று அச்சிட்ட சட்டை போட்டுத் திரிந்தார்கள். 2019 இறுதியில் அலோபீசியா என்ற முடி உதிரும் நோயால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மான வாக்கெடுப்புக்கு முந்தைய இரவு கடைசி முடியும் போனது. மறுநாள் டோப்பா வைத்துக்கொண்டு சபைக்குப் போய் வாக்களித்தார். சில வாரம் கழித்து, 2020 ஜனவரியில், ஒரு காணொளியில் அதைக் கழற்றி மொட்டைத் தலையைக் காட்டினார். சடையைப் பார்த்துத் தங்களையும் அழகாக நினைக்கத் தொடங்கிய அந்தச் சிறுமிகளுக்கு, அது இல்லாமல் போனதற்கும் ஒரு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்றார்.